பதினேழாம் படுக்கையின் ஜன்னல் பக்கம்

முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கிறது, படத்தில் தெரிவதெல்லாம் முதுகுதான், இரும்புக் கட்டிலில் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருக்கும் ஒரு பெண்ணின் முதுகு, தளர்ந்த ரவிக்கை தோளிலிருந்து சரிந்து, சரிந்த இடத்தில் மிளகளவு ஒரு மச்சம், முதுகுக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஆறு பேர், அதில் ஒருத்தி நான், என் கை அவளைத் தாண்டிப் போய் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்திருக்கிறது, நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன், எதற்குச் சிரித்தேன் என்று இன்றுவரை தெரியாது, படம் எடுக்கிறான் என்றதும் பல்லைக் காட்டிவிட்டேன் போலிருக்கிறது. எடுத்தவன் ஜெபசிங், என் வகுப்புக்காரன், புதுப் போனை எல்லாவற்றின் மேலும் நீட்டிக்கொண்டு அலைந்த காலம் அது, ஏ எல்லாரும் இங்க பாருங்க என்றான், எல்லாரும் பார்த்தோம், அவள் பார்க்கவில்லை, அவளை யாரும் பார்க்கச் சொல்லவுமில்லை, எடுக்கலாமா என்று கேட்கவுமில்லை. அந்தப் படத்தைத்தான் நான் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, குழாயில் சுருட்டி, விமானமேறிக் கடல் கடந்து கொண்டுபோனேன்.

துனீசியாவில் கடலை ஒட்டிய ஒரு விடுதி, மார்ச் மாதக் குளிர், மருத்துவ மாணவர்களை நாட்டுக்கு நாடு மாற்றிக்கொள்வதற்கான மாநாடு, அதன் நான்காம் நாள் சந்தை, சந்தை என்றேதான் அவர்களும் சொன்னார்கள், கூடம் முழுக்க மேசைகள், மேசைக்கு ஒரு கொடி, ஒரு மாதம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வா, உன் ஆஸ்பத்திரிக்கு எங்கள் ஆளை அனுப்புகிறேன், நீ இரண்டு நான் இரண்டு, கையெழுத்துப் போடு, அடுத்த மேசை. பக்கத்து மேசையில் பாட்டுப் போட்டு ஆடுகிறார்கள், எதிர் மேசையில் மலை மலையாகப் பாலாடைக்கட்டி, நான் அரக்குப் பட்டுப்புடவையில் தட்டு நிறைய அல்வாவோடு நிற்கிறேன், திருநெல்வேலிக்காரி வேறு எதைக் கொண்டுபோவாள், வந்தவர்கள் ஆளுக்கொரு துண்டு வாயில் போட்டு, விரலில் ஒட்டிய நெய்யைத் துடைத்துக்கொண்டு, நன்றி என்று போய்விட்டார்கள், ஒரு மணி நேரமாக ஒரு கையெழுத்துக்கூட இல்லை, எங்க காலேஜுக்கு நாலு வெளிநாட்டுப் பிள்ளைகளையாவது கொண்டாந்திரும்மா என்று முதல்வர் சொல்லி அனுப்பியிருந்தார், வெறுங்கையோடு போய் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது. அப்போதுதான் குழாயைத் திறந்தேன், படத்தைப் பின்சுவரில் ஒட்டினேன், அதன் தலைமாட்டில் நானே யோசித்து ஆங்கிலத்தில் எழுதிய வாசகம், புத்தகத்தில் மட்டும் பார்த்ததை எங்கள் வார்டில் தொட்டுப் பாருங்கள். மொய்த்துக்கொண்டார்கள், நிஜமாகவா, நிஜமாகவா என்று கேட்டார்கள், நானும் மளிகைச் சிட்டை வாசிப்பது போல வாசித்தேன், வால்வு சுருங்கிய இதயம் வாரத்துக்கு எட்டுப் பத்து, காசநோய் எவ்வளவு வேண்டுமானாலும், பாம்புக்கடி மழைக்காலத்தில் வந்தால் நிறைய, எங்கள் நோயாளிகள் தங்கமானவர்கள், எத்தனை பேர் தொட்டாலும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இதைச் சொன்னபோது எனக்கு வெட்கமாக இல்லை, அதுதான் இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது, பெருமையாக இருந்தது, சாயங்காலத்துக்குள் பதினோரு நாடு கையெழுத்துப் போட்டது.

கடைசியாக வந்தவள் உர்ஷ்கா, ஸ்லோவேனியாக்காரி, நெட்டை, முகமெல்லாம் செம்புள்ளி, அல்வாவைத் தொடவில்லை, படத்துக்கு முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள், எங்கள் பேராசிரியர் இந்த நோயைக் கடைசியாகப் பார்த்தே முப்பது வருஷம் ஆகிறதாம் என்றாள், பிறகு திரும்பி என்னிடம், இவங்க பேர் என்ன என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள், குத்திக்காட்ட வேண்டுமென்று கேட்கவில்லை, ஒரு படத்தில் ஒருத்தி இருந்தால் யாரும் கேட்கிற கேள்விதானே. எனக்கு வாயில் வந்தது பதினேழு, பதினேழாம் படுக்கை, அதைத் தாண்டி ஒன்றும் வரவில்லை. கேஸ் எழுதச் சொல்லிக் கொடுக்கும்போது முதல் வரி பெயர், அப்புறம்தான் வயது, ஊர், தொழில், அந்த முதல் வரியை அவளுக்காக நானே என் கையால் எழுதியிருக்கிறேன், ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை, இரண்டாவது தடவை எழுதியது என் கடைசிப் பரீட்சையில்.

பரீட்சை என்றதும் அந்த ஜனவரிக் காலை வந்துவிடுகிறது, எனக்கு ஒதுக்கிய நோயாளி அவள், இருபத்தாறு வயது, பீடி சுற்றுகிறவள், என்னைவிட மூன்று வயது மூத்தவள், சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் இதயத்து வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது, இருபத்தொரு நாளைக்கு ஒரு தடவை ஊசிக்கு வருவாள், மூச்சு முட்டினால் வந்து படுப்பாள், அந்தப் பதினேழாம் படுக்கையைக் காற்றுக்காகக் கேட்டு வாங்குவாள், பயிற்றுவிக்கத் தோதான கேஸ் என்று எங்கள் எல்லாருக்கும் அவளைத் தெரியும். இடப்பக்கமாத் திரும்பிப் படுங்க, மூச்சை வெளிய விட்டுட்டு அப்படியே நிறுத்துங்க என்று சொன்னேன், அப்படி நிறுத்தினால்தான் அந்தச் சத்தம் கேட்கும், தூரத்தில் லாரி போவது போல ஓர் உறுமல், எனக்கு என் நெஞ்சு அடிப்பதைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை, தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தபடி அடுத்த கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறார், அவள் திரும்பிப் பார்க்காமலே ஒரு விரலால் ஸ்டெதஸ்கோப்பை ஓர் அங்குலம் கீழே நகர்த்தினாள், இங்கன வைங்க டாக்டரம்மா, இங்கனதான் எல்லாரும் வைப்பாவ என்றாள், உதடு மட்டும் அசைய. கேட்டது, லாரி போயிற்று, சந்தோஷத்தில் நான் எல்லாவற்றையும் மறந்தேன், மூச்சை நிறுத்தச் சொன்னவள் விடச் சொல்ல வேண்டாமா, அதையும் மறந்தேன், கொஞ்ச நேரம் பொறுத்து அவளே கேட்டாள், விடட்டா டாக்டரம்மா. பாஸாகிவிட்டேன், இனிப்பு வாங்கி வார்டு முழுக்கக் கொடுத்தோம், அவளுக்குக் கொடுத்தேனா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், கொடுத்ததாக ஞாபகம் வரமாட்டேன் என்கிறது.

தாமரை என்றேன் உர்ஷ்காவிடம், எங்கிருந்தோ வந்தது, வெளிநாட்டுக்காரிக்குச் சொல்ல வசதியாக, அர்த்தம் சொல்ல அழகாக, ஒரு பூவின் பெயர் என்று விளக்கமும் கொடுத்தேன், ஒன்று சொன்னால் அதற்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று வேண்டியிருக்கிறது, என் சிநேகிதி மாதிரி என்றேன், அவளிடம் கேட்டுத்தான் படம் போட்டோம் என்றேன், இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள், வால்வைச் சரிசெய்தாயிற்று, நன்றாக இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள் என்றேன். உர்ஷ்காவுக்குக் கண்ணெல்லாம் மலர்ந்துவிட்டது, சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, எழுத்துக் கூட்டிச் சொல்லு என்று கேட்டு, தா, ம, ரை என்று எழுதிக்கொண்டாள், அதற்குக் கீழே என்னைத் தமிழிலும் எழுதவைத்தாள், பன்னிரண்டாவது கையெழுத்தைப் போட்டாள், ஆகஸ்டில் நானே வருகிறேன் என்றாள், வா வா என்றேன் நானும்.

ஊருக்கு வந்ததும் முதல்வர் என்னை மேடையேற்றி, பாத்துக்கோங்கப்பா, நம்ம பிள்ளை உலகத்தையே கூட்டியாந்திருக்கு என்றார், கைதட்டினார்கள். மாடிப்படியில் இரண்டு தளம் ஏறினால் அந்த வார்டு, ஒரு தடவை போய், உங்க பேர் என்ன என்று கேட்டிருக்கலாம், இல்லை என்றால் பதிவேட்டைப் புரட்டியிருக்கலாம், ஐந்து மாதம் இருந்தது, எனக்கு அறுவைப் பிரிவில் வேலை, நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், நேரம் இருந்தது, போகத்தான் கால் வரவில்லை. உர்ஷ்கா சொன்னபடி வந்தாள், பெட்டியைத் திறந்து முதலில் எடுத்தது ஒரு தேன் பாட்டில், அவள் அப்பா வளர்க்கிற தேனீக்களாம், மூடியில் சிவப்புத் துணி கட்டி, தாமரை என்று தமிழில் ஒரு சீட்டு, எழுத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறாள், மகரத்துக்குக் கொஞ்சம் வயிறு பெருத்துவிட்டது. தாமரை வெளியூரில் இருக்கிறாள், வர முடியாது என்றேன், அவள் முகம் சுருங்கிற்று, யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்று பாட்டிலைத் தோள்பையிலேயே போட்டு வைத்தாள், எனக்கு மூச்சு வந்தது.

அது இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை, மூன்றாம் நாள் காலை அவளை வார்டு சுற்றிக் காட்டப் போகிறேன், மொழிபெயர்க்க என்னைத்தான் போட்டிருந்தார்கள், நான் முன்னால் போக அவள் பின்னால் வருகிறாள், திடீரென்று பின்னால் காலடிச் சத்தம் நின்றுவிட்டது, திரும்பிப் பார்த்தால் பதினேழாம் படுக்கையில் ஒருத்தி மூச்சு வாங்கிக்கொண்டு தலையணையைக் கட்டிக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள், ரவிக்கை தோளிலிருந்து சரிந்திருக்கிறது, மச்சம், உர்ஷ்கா அந்த மச்சத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். முகத்தை அவளுக்கு எப்படித் தெரியும், நாங்கள் காட்டியது முதுகைத்தானே. வணக்கம் தாமரை என்றாள், தமிழில், ஆறு மாதம் பழகிய மாதிரி. இதோ இப்போது, இந்த இடத்தில் எல்லாம் வெளிவரப்போகிறது, சரியாக்கிவிட்டதாகச் சொன்ன இதயம் மூச்சு முட்ட உட்கார்ந்திருக்கிறது, சிநேகிதி என்று சொன்னவள் யாரோ ஒரு வெள்ளைக்காரியைப் பார்த்து முழிக்கிறாள், யாரக் கேக்குது இந்தப் பிள்ளை என்று என்னைக் கேட்கிறாள். அதற்குள் உர்ஷ்கா போனை எடுத்து, சந்தையில் பிடித்து வைத்திருந்த அந்தப் படத்தைக் காட்டிவிட்டாள், அவள் வாங்கி முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தாள், இது நானா என்றாள், எனக்கு முதுகுல மச்சம் இருக்கா, எங்க அம்மைகூடச் சொன்னதில்லியே என்றாள், பிறகு மெதுவாக, இது எப்ப எடுத்தீய டாக்டரம்மா. என் முகத்தைப் பார்த்தாள். பரீட்சையில் அவள் பார்க்காமலே புரிந்துகொண்ட முகம்தானே, பார்த்தால் புரியாதா. போனைத் திருப்பிக் கொடுத்தாள், ஆமாம்மா, தாமரைதான், வா, வந்து உக்காரு என்றாள் உர்ஷ்காவிடம், உர்ஷ்கா பையிலிருந்து எடுத்து நீட்டிய தேனை வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள், பாத்துட்டுப் போகட்டும், எவ்வளவு தூரத்துலருந்து வந்திருக்கு என்று என்னிடம் சொல்லிவிட்டு, யாரும் சொல்லாமலே இடப்பக்கமாகத் திரும்பிப் படுத்தாள்.

உர்ஷ்கா ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டு கட்டிலின் வலப்பக்கம் குனிகிறாள், அங்கேதான் குனிய வேண்டும், எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், வைத்தியர் எப்போதும் நோயாளிக்கு வலப்பக்கம். அவள் பக்கத்தில் போய் நிற்க எனக்குத் தைரியமில்லை, ஒளிந்துகொள்ள இடம் தேடுகிறவளைப் போலக் கட்டிலைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன், ஐந்து வருஷத்தில் அந்தப் பக்கம் நான் போனதில்லை, அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. ஒரு சின்ன இரும்பு அலமாரி, அதன் மேல் சீப்பு, பாதி உரித்த ஆரஞ்சு, அவள் ஊசி நோட்டு, மூலையெல்லாம் மடிந்து எண்ணெய் ஏறிய நாற்பது பக்க நோட்டு, அட்டையில் குண்டு குண்டாக, பேராச்சி. மூச்சை விட்டுட்டு நிறுத்துங்க என்று உர்ஷ்காவுக்காகச் சொன்னேன், நிறுத்தினாள். உர்ஷ்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறாள், முப்பது வருஷமாக அவர்கள் ஊரில் யாருக்கும் கேட்காத சத்தம், ஆசை தீரக் கேட்கிறாள், அவளுக்குத் தமிழில் மூன்று சொல்கூடத் தெரியாது, விடச் சொல்ல வேண்டியவள் நான். பேராச்சி விடட்டா என்று கேட்கவில்லை இந்தத் தடவை, உதட்டை இறுக்கிக்கொண்டிருக்கிறாள், உதடு நீலம் பாய்கிறது, கழுத்து நரம்பு துடிக்கிறது, என் மானத்தைக் காப்பாற்ற எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருப்பாள் போலிருக்கிறது. தூ என்று என் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது, விடுங்க என்றேன், குரல் எழும்பவில்லை, விடுங்க பேராச்சி, மூச்சு விடுங்க பேராச்சி என்றேன், வார்டுக்கே கேட்டது.

உர்ஷ்கா நிமிர்ந்தாள், காதிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்தாள், பேராச்சி யார் என்றாள். அவங்க பேர் என்றேன், எனக்கு இப்போதுதான் தெரியும் என்றேன், படத்துக்கு அவங்களிடம் கேட்கவுமில்லை, அவங்களுக்கு இன்னும் ஒன்றும் சரியாகவில்லை என்றேன், ஆங்கிலத்தில் இதைச் சொல்ல நாலே வாக்கியம்தான் ஆகிறது. உர்ஷ்கா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், தேன் பாட்டிலில் கட்டியிருந்த சீட்டை மட்டும் அவிழ்த்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். பேராச்சிக்கு இன்னும் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது, நாங்கள் பேசியது புரிந்திருக்காது, ஆனால் என் குரல் புரிந்திருக்கும், என்ன டாக்டரம்மா, நல்லாத்தான போய்க்கிட்டிருந்துச்சு என்கிறாள், நிஜமாகவே என்னை நினைத்து வருத்தப்படுகிறாள். எத்தனையோ வருஷம் ஆகிறது, இப்போதும் கண்ணை மூடினால் அந்தக் கட்டில்தான், யார் யாரோ முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்கள், முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கிறது, ஜன்னல் பக்கம் நான் நிற்கிறேன், அவள் என்னைப் பார்க்கிறாள், நான் கண்ணை எடுக்கக் கூடாது, ஒவ்வொரு தடவையும் எடுத்துவிடுகிறேன்.