கனமான சாமான்கள் இருந்த வீடு

சுவருக்குக் கொசு மருந்தடிக்க ஆள் வந்தால் வீட்டுச் சாமான் அத்தனையையும் வாசலுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ம்வேரு ஏரிக்கரையிலிருந்த அந்த ஊருக்கு அதுவே ஒரு திருவிழா. யார் மெத்தையில் எத்தனை கிழிசல் என்று பார்ப்பதற்காகவே பெண்கள் மரவள்ளிக்கிழங்கை அள்ளிக்கொண்டு வந்து மாமரத்தடியில் உட்கார்ந்து உரிப்பார்கள்.

முதுகில் மருந்துப் பம்பைக் கட்டியிருந்த கசூபா எல்லா வீட்டையும் முடித்துவிட்டாள். ங்கோசாவின் அம்மா வீடுதான் பாக்கி. அடித்த சுவரில் உட்கார்ந்த கொசு சாகும். ஆனால் அடிக்காத ஒரு வீடு போதும், அது பிழைத்துக்கொள்ள. போன மழைக்கு மலேரியாவில் விழுந்துதான் அந்த வீட்டு மருமகள் சோலா வயிற்றுப் பிள்ளையைப் பறிகொடுத்தாள். இப்போது மறுபடி முழுகாமல் இருக்கிறாள். மேகமோ கூடிவிட்டது.

மாமியார் கதவை விட்டு நகரவில்லை. மருந்து நாறும் என்றாள். கோழி செத்துப்போகும் என்றாள். கோழியே இல்லையே என்றதும், மகன் ங்கோசா வரட்டும் என்றாள். கிட்வே சுரங்கத்துக்கு வேலைக்குப் போன அந்த மகன் கட்டில் அனுப்பினான், தையல் மிஷின் அனுப்பினான் என்று அவள் பெருமை பேசாத நாளில்லை.

"அந்தக் கட்டில நாங்களும்தான் ஒருநாள் பாக்கிறோமே," என்றாள் மரத்தடியிலிருந்து ம்வெல்வா. எல்லோரும் சிரித்தார்கள்.

கதவைப் பிடித்த கை இறுகியது. அந்தத் தோளுக்கு மேலாகக் கசூபா உள்ளே பார்த்தாள். ஒரு கோரைப்பாய், அதில் சோலா, மூலையில் இரண்டு பானை. அவ்வளவுதான் வீடு.

கசூபா மரத்தடிக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினாள்.

"இத முதல்லயே சொல்லக்கூடாதாம்மா? இம்புட்டு கனத்த நான் ஒருத்தி எப்படி வெளிய தூக்குவேன்? தூக்க முடியாதத நடுவுல தள்ளி, தார்ப்பாய் போட்டு மூடிக்கலாம்னு விதியே இருக்கு. பானைய எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் வெளிய வாங்க."

கதவைச் சாத்திக்கொண்டு, தன் மருந்துப் பெட்டியை மண்தரையில் இங்கும் அங்கும் இழுத்தாள். பெரிதாக முனகினாள். அப்புறம் மூச்சுக் காட்டாமல், மூலை முடுக்கு விடாமல், கூரையடி வரைக்கும் ஒரே சீராக அடித்தாள். வேறு எந்த வீட்டுக்கும் அவ்வளவு பொறுமையாக அவள் அடித்ததில்லை.

வெளியே வந்ததும் ம்வெல்வா கேட்டாள், கட்டில் எப்படி என்று.

"அதப் பத்தி எங்கிட்டக் கேக்காத தாயி. இடுப்பே போச்சு."

மரத்தடி அடங்கியது. சுவர் காயும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது என்பதால், ம்வெல்வாவே நகர்ந்து சோலாவுக்கு நிழலில் இடம் விட்டாள்.

கசூபா புறப்பட்டபோது ங்கோசாவின் அம்மா பாதை வரைக்கும் கூடவே வந்தாள்.

"அடுத்த மழைக்கு முன்னாலயும் நீயே வா," என்றாள் மெதுவாக. "வேற யாரையும் அனுப்பிடாத."