பச்சை விழுந்த பிறகு

கண்ணாடிப் பெட்டியின் மேல் உதிர்ந்து கிடந்த ரோஜா இதழ்களை வசந்தாமணி ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே கிடந்த கணவரின் முகம் மறையாமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் இல்லை. மகன் யோகேஷ் வந்து காதருகே குனிந்தான்.

"அம்மா, மில்லு ஓட்டச் சொல்லட்டுமா? கோழிக்குத் தீவனம் போகோணுமில்ல. பண்ணைக்காரங்க எழவுக்கு வந்துட்டு, கேக்கவும் முடியாம நிக்கறாங்க."

"ஓட்டச் சொல்லு சாமி. அப்பா இருந்தா ஓட்டத்தான் சொல்லுவாரு."

சொல்லிவிட்டு மறுபடியும் பூவை ஒதுக்கினாள். கோழிக்கு இழவும் தெரியாது, கல்யாணமும் தெரியாது. ஒருநாள் தீவனம் தவறினால் மறுவாரம் முட்டையில் காட்டிவிடும். நாமக்கல்லில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இந்தச் சங்கதியைச் சொல்ல இவன் எதற்கு இத்தனை தயங்கினான் என்று அவளுக்குப் புரியவில்லை.

"அழுதுரு வசந்தா. நெஞ்சுல வெச்சுக்காதே" என்று அண்ணி முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

அழவேண்டும் என்றுதான் அவளுக்கும் இருந்தது. வரவில்லை. விடிகாலையில் சின்னுசாமி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து "ஒரு மாதிரியா இருக்குது மணி" என்றதும், காரை வெளியே எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துபோனதும், வேறு யார் வீட்டிலோ நடந்ததுபோல் எட்ட நின்றன. உள்ளுக்குள் ஒரே ஒரு உறுத்தல்தான் உயிரோடு இருந்தது. இந்த மனுஷனை ஒரு மாதமாக ஏமாற்றிக்கொண்டிருந்தோம். அது தெரியாமலே போய்விட்டார்.

சின்னுசாமி வீட்டில் பேசாத மனிதர். சாப்பிடுவார், செய்தி பார்ப்பார், படுப்பார். குழம்பில் உப்பு இல்லையென்றால்கூடச் சொல்லமாட்டார், ஊறுகாய் ஜாடியை இழுத்து வைத்துக்கொள்வார். ஆனால் சாயங்காலம் ஆறு மணியானால் மோகனூர் ரோட்டுத் தீவன மில்லிலிருந்து போன் போட்டுவிடுவார். மில்லில் அரைப்பதையும் கலக்குவதையும் கவனிக்க ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. வீட்டு முன்னறையில் வரவு செலவுக்கு ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அவை இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளத் தெரியாதவை. அதனால் இவர்கள் இரண்டு பேரும் பேசவேண்டியிருந்தது.

"மணி, எழுதிக்கோ" என்று ஆரம்பித்து, அன்றைக்கு எது எவ்வளவு போனது என்று படிப்பார். இவள் தட்டித் தட்டி, ஒவ்வொன்றுக்கும் "அப்புறம்?" என்பாள். சோளம், சோயாப் புண்ணாக்கு, தவிடு, முட்டை ஓட்டுக்கான கல்லுத்தூள் எல்லாம் முடிந்த பிறகும் ஒரு "அப்புறம்?" போடுவாள். அப்போதுதான் வரும். மேற்கே மழை கட்டியிருப்பதும், மில் ஓட்டும் ராசுவின் மகள் பெரியவளானதும், எதிர்த் தோட்டத்து எருமை கன்று போட்டதும் அப்படி வந்தவைதான். முப்பது வருஷக் குடித்தனத்தில் அந்த மனிதர் வாய் திறந்து பேசியதெல்லாம் அந்தக் கடைசி "அப்புறம்" கேட்ட பிறகுதான்.

போன மாதம் யோகேஷ் சேலத்திலிருந்து ஆள் கூட்டிவந்து இரண்டு சாஃப்ட்வேரையும் இணைத்துவிட்டான். மில்லில் ஒரு கலவை முடிந்தால், வீட்டுக் கம்ப்யூட்டரைப் போடாவிட்டாலும், இன்டர்நெட் வழியாகக் கணக்கில் தானாக ஏறிவிடும். நல்ல காரியம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் முதல் வாரம் அவர் பழக்கத்தில் போன் போட, இவள் பழக்கத்தில் தட்ட, எல்லாம் இரண்டிரண்டாக ஏறிவிட்டது. அரைக்காத தீவனமெல்லாம் அரைத்ததாக நின்றது. குடோனில் கூரை தொடக் குவிந்து கிடந்த சோளம், கணக்கில் பூஜ்யத்துக்கும் கீழே போயிருந்தது. யோகேஷ் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"இனி நீ ஒண்ணும் ஏத்தவேண்டாம்மா. ஏத்தவும் முடியாது, பூட்டிட்டேன். அப்பாகிட்டயும் சொல்லீர்றேன்."

"நீ சொல்லாதே சாமி. நானே சொல்லிக்கறேன்."

சொல்லவில்லை. அன்று ஆறு மணிக்குப் போன் வந்தபோது, கம்ப்யூட்டரைப் போடாமலே அதன்முன் உட்கார்ந்து, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கீபோர்டைத் தட்டினாள். அவருக்குச் சத்தம் கேட்டால் போதாதா? மறுநாளும் தட்டினாள். பேரன் எடுக்கும் வயதில் இப்படியொரு திருட்டுத்தனம். ஒருநாள் கரண்ட் போய், இருட்டிலேயே உட்கார்ந்து தட்டினாள். "இங்கயும் கரண்டு இல்ல மணி. ஜெனரேட்டர்லதான் ஓடுது" என்றார் அவர். போனை வைத்த பிறகுதான் அவளுக்குத் திக்கென்றது. கரண்ட் இல்லாமல் நீ எதில் எழுதினாய் என்று கேட்க மனுஷனுக்குத் தோன்றவில்லையே, பிழைத்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

நேற்றும் தட்டினாள். கடைசியில் "அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் ஒண்ணுமில்ல. வாரேன்" என்றார். வந்தார், சாப்பிட்டார், படுத்தார்.

நாலு மணிக்கு எடுத்தார்கள். அண்ணன் கொண்டுவந்த கோடிச் சேலையைத் தோளில் போட்டார்கள். யாரோ கையைப் பிடித்து எழுப்பினார்கள், எழுந்தாள். சுற்றிவரச் சொன்னார்கள், சுற்றினாள். பறைச் சத்தம் ரோட்டு முக்கு திரும்பித் தேய்ந்து போயிற்று. ஆண்களெல்லாம் மயானத்துக்குப் போய்விட, பெண்கள் வீடு வாசலைக் கழுவிவிட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தவள் முன்னறையில் போய் உட்கார்ந்தாள். செல்போன் மடியில் இருந்தது. ஆறு மணி ஆயிற்று. அது அடிக்கவில்லை. அடிக்காது என்று தெரியும். தெரிந்தும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் மொபெட் வந்து நின்றது. காலையில் வந்து முகம் பார்த்துவிட்டு மில்லுக்குத் திரும்பிப் போயிருந்த ராசு. புருவத்தில்கூடச் சோள மாவு. உள்ளே வராமல் நிலைப்படிக்கு வெளியே நின்றான்.

"எடுக்கறதுக்குள்ள வந்தரலாம்னு பாத்தனுங்கக்கா. முடியல. இப்பத்தான் கடைசிக் கலவை எறங்குச்சு."

"லோடு போயிருச்சா?"

"எல்லாப் பண்ணைக்கும் போயிருச்சுங்க. கணக்குலயும் ஏறிருச்சு. பச்சை விழுந்துருச்சுங்க."

"என்ன பச்சை?"

"மில்லு கம்ப்யூட்டர்லீங்க. ஊட்டுக் கணக்குல ஏறிருச்சுன்னா ஓரத்துல பச்சையா ஒரு டிக்கு விழுகுமுங்க. அண்ணன் அது விழுகற வரைக்கும் பாத்துட்டே நிப்பாரு. விழுந்தப்புறந்தான் உங்களுக்குப் போன் போடுவாரு."

வசந்தாமணி நிமிர்ந்து பார்த்தாள்.

"தெனமுமா?"

"தெனமுந்தானுங்க. நாங்கூட ஒருக்கா கேட்டுப்போட்டனுங்க. அதான் தானா ஏறிருச்சே, அக்காளுக்கு எதுக்குங்க போனுன்னு." அவன் தரையைப் பார்த்தான். சொல்லலாமா என்று யோசிப்பதுபோல் இருந்தது. "'அவளும் சும்மாதான்டா தட்டிட்டிருக்கறா. தட்டட்டும், நீ சொல்லீராதே'ன்னு சொல்லிப்போட்டுச் சிரிச்சாருங்க."

உள்ளே அண்ணி பாத்திரத்தைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. வசந்தாமணி செல்போனை மேஜையில் வைத்தாள். நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். திரை கறுப்பாக இருந்தது.

"சோளம் எவ்வளவு போச்சு?"

"அதான் ஏறிருச்சுங்களேக்கா..."

"சொல்லு."

ராசு சொன்னான். அவள் தட்டினாள்.

"அப்புறம்?"

புண்ணாக்கைச் சொன்னான். தவிட்டைச் சொன்னான். ஈரம் காயாத கூந்தலிலிருந்து நீர் கீபோர்டில் சொட்டியது. துடைத்துவிட்டுத் தட்டினாள்.

"அப்புறம்?"

"கல்லுத்தூளுங்க..." அதையும் சொல்லி முடித்தான். "அவ்வளவுதானுங்க."

"அப்புறம்?"

ராசு விழித்தான். கலவையில் வேறு எதுவும் கிடையாது. தலையைச் சொறிந்துகொண்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"மேற்க நல்லாக் கருக்கிட்டு நிக்குதுங்கக்கா. மழை வரும்போல."

அவள் அதையும் தட்டினாள்.