மேல செட் ஆயிடுச்சு

என் வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை போதும், நாள் முழுக்க ஓட்டிடுவார். செட். பொய்ப்பல் செய்யற லேப்ல வேலை. அங்க மேல்வரிசையும் கீழ்வரிசையும் சேர்ந்தா ஒரு செட். அச்செடுக்கிற மாவு இறுகினா செட் ஆயிடுச்சு. கூட வேலை பாக்கறவங்க எல்லாரும் நம்ம செட். என் தங்கச்சி புருஷனைக் கண்டா இவருக்கு ஆகாது, அதனால அந்த ஆளு நமக்கு செட் ஆகாது. வேற வார்த்தையே கிடையாதான்னு நான் கிண்டல் பண்ணாத நாள் இல்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பெரியப்பாவுக்குப் பல் விழுந்தப்ப 'பொக்கைவாய் மன்மதன்'னு நான் வச்ச பேர்தான் இன்னிக்கும் சொந்தக்காரங்க மத்தியில ஓடுது.

அதே வார்த்தையை பஸ் ஸ்டாப்புல நிக்கிற விடலைங்க வேற மாதிரி சொல்வானுங்க. ஒருத்தியை மடக்கிட்டா, அவளை செட் பண்ணிட்டேன்டாம்பானுங்க. அந்த அர்த்தம் என் வீட்டுப் படி ஏறும்னு நான் நினைக்கவே இல்லை.

அன்னிக்கு, காயப்போட்ட துணியை எடுக்கப் பின்பக்கம் போனேன். இவர் சுவரோட ஒட்டி நின்னு போன்ல குசுகுசுன்னு பேசிக்கிட்டிருந்தார்.

"மேல செட் ஆயிடுச்சு. கீழதான் ஆட்டம் தாங்கலை. என் வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியவே கூடாது."

பல்லுன்னா மேலயும் இருக்கும், கீழயும் இருக்கும், அது எனக்குத் தெரியாதா? ஆனா எவனோ ஒருத்தன் பல்லை என்கிட்ட எதுக்கு மறைக்கணும்? எங்க வீட்டு மாடியில ஒரு நர்ஸ் தனியாக் குடியிருக்கா. கீழ இருக்கறது நான். என் ஆட்டம் தாங்கலையாம்.

யோசிச்சுப் பாத்தா கொஞ்ச நாளாவே ஆள் சரியில்லை. வெளியவே சாப்பிட்டேன்னு சொல்லித் தட்டைத் தள்ளிடறார். வறுத்த கடலைன்னா உயிரை விடற மனுஷன், கிண்ணத்தைத் திரும்பிக்கூடப் பாக்கறதில்லை. ஆசை வந்தா சோறு இறங்காதுன்னு சும்மாவா சொன்னாங்க! குளியலறைக் கதவைத் தாழ் போட்டுட்டுக் கண்ணாடி முன்னாடியே நிக்கறார். வெளிய வந்தா புதினா வாசனை தூக்குது. பேசும்போது முகத்தை வேற திருப்பிக்கறார்.

சர்க்கரை கேக்கற சாக்குல மாடிக்குப் போனேன். நர்ஸ் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிச்சா. டப்பாவை நீட்டிக்கிட்டே, "அண்ணனுக்கு வலி குறைஞ்சுதாக்கா?"ன்னு கேட்டா.

குறைஞ்சிருக்குன்னு தலையாட்டிட்டு இறங்கினேன். என்ன வலி? கட்டினவளுக்குத் தெரியாத வலி மாடிக்காரிக்கு எப்படித் தெரியும்? அண்ணன்னு கூப்பிட்டுட்டா எல்லாம் சரியாயிடுமா? இத்தனை வருஷக் குடித்தனம் அவ்வளவுதான்னு படியிலயே உக்காந்து அழுதேன்.

சாயங்காலம் அவர் உள்ள வந்ததும் கதவைச் சாத்தினேன்.

"மேல செட் பண்ணியாச்சு. கீழ இருக்கறவளை என்ன பண்றதா உத்தேசம்?"

மனுஷன் திருதிருன்னு முழிச்சார். நான் மாடியைக் கை காட்டினதும்தான் புரிஞ்சுது. சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு, உடனே வாயைக் கையால மூடிக்கிட்டார். கட்டில்ல உக்காந்தார். மேல்வரிசைப் பல்லை அப்படியே கழட்டி உள்ளங்கையில வச்சுக் காட்டினார். கீழ மிச்சம் இருந்த பல்லு, நாக்கு பட்டாலே ஆடுச்சு. ஈறெல்லாம் வீங்கிக் கிடந்துது. அவரோட செட்டை லேப்ல இருக்கிற சினேகிதன்தான் செய்யறானாம், போன்ல பேசினது அவன்கிட்டதானாம். வலி தாங்காம நர்ஸ்கிட்ட மாத்திரை கேட்டு வாங்கியிருக்கார்.

என்கிட்ட ஏன் சொல்லலைன்னு கேட்டேன்.

"சொன்னா எனக்கும் பேர் வச்சிடுவே"ன்னார். பல் இல்லாம வார்த்தை காத்தாத்தான் வந்துச்சு.

பேர் நாக்கு நுனியில வந்து நின்னுது, சத்தியமா. முழுங்கிட்டேன். இவர் இன்னொருத்திகிட்ட போயிட்டார்னு நான் பயந்தது பொய்யில்லையே. என் வாய்க்குப் பயந்து, வலியைத் தூக்கிக்கிட்டு மாடிக்குத்தான போயிருக்கார்.

"இனிமே உனக்கும் எனக்கும் செட் ஆகுமா?"ன்னு தரையைப் பாத்துக்கிட்டே கேட்டார்.

கடலைக் கிண்ணத்தை எடுத்துட்டு வந்து உரல்ல கொட்டி இடிச்சேன். மாவா இடிச்சு, சர்க்கரை கலந்து அவர் கையில குடுத்தேன். அடுத்த தடவை வலிச்சா மாடிக்குப் போகக் கூடாது, என்கிட்டதான் வரணும்னு சொன்னேன். சரின்னு தலையாட்டினார். ஆனா சாப்பிடும்போது முகத்தைச் சுவர் பக்கம்தான் திருப்பிக்கிட்டார்.