மீட்டர் காட்டிய முப்பது

அந்த அறிவிப்பை எழுதியதே நான்தான். "நாலு மணிப் பிரஷரை அப்படியே நம்பாதே. டேங்க் சூட்டைப் பார்த்துக் கழி." சிவப்பு மையில், கொட்டை எழுத்தில், மீட்டருக்கு நேர் மேலே ஒட்டியிருக்கிறது. ஒட்டியவளுக்கே கண் தெரியவில்லை என்றால் யாரைப் போய்த் திட்டுவது?

எங்கள் நிலையத்தில் பகல் முழுக்க சோலார் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, வரும் ஹைட்ரஜனை டேங்க்கில் அடைப்போம். சாயங்காலம் ஊரே ஒரே நேரத்தில் ஸ்விட்சைத் தட்டும்போது அதை மறுபடி மின்சாரமாக்கி அனுப்புவோம். ஐந்து மணியிலிருந்து எட்டு வரை. வெயிலில் காய்ந்த டேங்க் எப்போதும் பிரஷரைக் கூட்டித்தான் காட்டும். உள்ளே இருக்கிற வாயு என்னவோ அதேதான்.

பதினான்கு நாளாக ராத்திரி ஆஸ்பத்திரி, பகலில் வேலை. வீட்டுக்காரருக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன். இன்றைக்குத்தான் அனுப்புகிறார்கள். நாலு மணிக்கு மீட்டர் முப்பது காட்டியது. முப்பது என்றே எழுதி, எட்டு வரை தாங்கும் என்று கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பிவிட்டேன். கையோடு அவருக்கும் போன் போட்டேன்.

"ஏழே முக்காலுக்கு வீட்டுக்கு வந்துடுங்க. கரண்ட் இருக்கும். லிப்ட்ல ஜம்முனு மேல போயிடலாம்."

"நீ சொன்னா சரி," என்றார்.

எங்கள் வீடு ஆறாவது மாடி. ஒரு படிகூட ஏறக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

ஏழு மணிக்கு மீட்டரைப் பார்த்தேன். டேங்க் ஆறிப்போய் முள் எங்கேயோ கீழே கிடந்தது. எப்படிக் கணக்குப் போட்டாலும் இருபது நிமிடம் குறைந்தது. கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

"என்னம்மா இப்படித் தலையில கல்லைப் போடுறீங்க?" என்றார் அங்கிருந்தவர். "உங்களை நம்பித்தானே மத்த கரண்டை வேற ஊருக்குத் திருப்பிவிட்டேன்? டேங்க் அடியில மிச்சம் இருக்குமே, அதையும் இழுத்துப் பாருங்களேன்."

"அடிமட்டத்தையும் இழுத்தா காத்து உள்ள போய், ஹைட்ரஜனோட கலந்து வெடிச்சிடும். அப்புறம் திட்டுறதுக்கு நான் இருக்கமாட்டேன் சார்."

பெருமூச்சு விட்டார். "அப்போ ஏழு நாப்பதுக்கு ஒரு ஏரியாவை நிறுத்தியாகணும். திரும்பக் கொடுக்க எட்டரை ஆயிடும். முறைப்படி இன்னைக்கு..." காகிதம் புரளும் சத்தம். அவர் சொன்னது எங்கள் தெரு.

வேறு தெருவை நிறுத்தச் சொல்ல வாய் வரை வந்தது. அங்கே யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார்களோ. விழுங்கிக்கொண்டு, அவரை அழைத்துவரப் போயிருந்த நாத்தனாருக்கு போன் போட்டேன்.

"அண்ணி, வண்டில ஏறிட்டோம். அண்ணன் சந்தோஷமா வர்றாரு. ஆஸ்பத்திரிக் கட்டிலைக்கூட அடுத்த ஆளுக்குக் கொடுத்துட்டாங்க."

ஏழு நாற்பதுக்கு நானே பட்டனை அழுத்தி நிறுத்தினேன். விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தேன். அவ்வளவு கோபம் எனக்கு என் மேலேயே.

எட்டே காலுக்கு வீடு போய்ச் சேர்ந்தால், லிப்ட் வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வலியில் உதடு வெளுத்திருந்தது. நாத்தனார் கைபேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாட்ச்மேன் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"என்னாலதான்," என்றேன். "சூட்டைக் கழிக்காம எழுதித் தொலைச்சிட்டேன்."

"அதான் செவப்பு மையில எழுதி ஒட்டினியே?"

"ஒட்டினேன். படிக்கலை."

சிரித்தார். சிரித்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "சரி, இப்படி உக்காரு," என்றார். முதல் படியில், அவர் கைக்கு எட்டுகிற மாதிரி உட்கார்ந்து, நாற்காலிக் கையில் தலையைச் சாய்த்தேன். கரண்ட் வரும்வரை ஒரு நிமிடம் கண்ணை மூடலாம் என்றுதான்.

கண் விழித்தபோது எங்கும் வெளிச்சம். லிப்ட் கதவு திறந்திருந்தது. நாத்தனார் மேலே போய்ப் படுக்கை விரித்துவிட்டாளாம். அவர் மட்டும் அசையாமல் அதே இடத்தில், நெற்றியெல்லாம் வியர்வையோடு, என் தலையைத் தாங்கியபடி.

"கரண்ட் எப்ப வந்துச்சு?"

வாட்ச்மேன்தான் பதில் சொன்னார். "எட்டரைக்கே வந்துடுச்சும்மா. எழுப்பட்டுமான்னு கேட்டதுக்கு, பேசாம இருன்னு என் வாயை அடைச்சிட்டாரு சார்."

கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஒன்பதே கால்.