கேமராவுக்குப் பின்னால் நிற்பவர்

ஐந்தே முக்காலுக்கு எழுவேன். மோட்டார் போடுவேன். கேட்டில் தொங்கும் பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்துச் சமையல் மேடையில் வைப்பேன். பிறகு முன்னறைக்குப் போய் முடி எடுப்பேன். முந்தைய நாள் வந்த நாய்களின் முடி. தரையில் கிடப்பது துடைப்பத்துக்கு வரும். திரைச்சீலையில் ஒட்டியிருப்பதற்குப் பசை உருளை வேண்டும். சாம்பல், கிரீம், பச்சை என மூன்று திரைகளையும் மேலிருந்து கீழாக உருட்டுவேன். அடுத்த நாய்க்கு முந்தைய நாயின் வாசம் தெரியக் கூடாது என்பதால் தரையை வினிகர் கலந்த தண்ணீரில் துடைப்பேன். ஃபிளாஷ் லைட்டுகளை ஒருமுறை அடித்துப் பார்ப்பேன். ஆறே முக்காலுக்கு அத்தை காபியைக் கொண்டுவந்து ஸ்டூலின் மேல் வைப்பார். "காப்பிங்க மாப்ளே" என்பார். குடிப்பேன். பதினான்கு மாதங்களாக இப்படித்தான்.

வீடு வடவள்ளியில், மருதமலை ரோட்டிலிருந்து பிரியும் மூன்றாவது சந்தில். முன்னறைதான் ஸ்டூடியோ. நான் படித்தது இன்ஜினியரிங். இரண்டு வருடம் பம்ப் கம்பெனியில் இருந்தேன். பிறகு கல்யாணப் படங்கள் எடுத்தேன். நாய்களை எடுக்கலாம் என்று சொன்னது என் மனைவி மோகனப்பிரியா. பொண்ணு வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் என்று நாய்களில் கிடையாது, அதனால் சண்டை வராது என்றாள். அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. இந்த ஊரில் நாய்க்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம். பூனைகளும் வரும். ஒருமுறை ஒரு காங்கயம் கன்றுக்குட்டி மினிடோர் வண்டியில் வந்தது.

இந்தத் தொழிலில் கேமரா பாதி வேலைதான். நாய் லென்ஸைப் பார்க்க வேண்டும். பார்க்காத படத்தை யாரும் வாங்குவதில்லை. படம் எடுப்பவனின் தோளுக்குப் பின்னால் ஒருவர் நின்று சத்தம் கொடுக்க வேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். நாய் திரும்பும் அந்த அரை வினாடியில் நான் அழுத்த வேண்டும். அந்த இடத்தில் மோகனப்பிரியா நின்றாள். நான்கு வருடம். இப்போது அவளுடைய அம்மா நிற்கிறார்.

யாரும் கேட்டுக்கொண்டு அது நடக்கவில்லை. அவர் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நான் ஒரு பீகிள் நாயோடு முக்கால் மணி நேரமாகப் போராடிக்கொண்டிருந்தேன். அத்தை ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே அடுக்களையிலிருந்து வந்தார். "தள்ளுங்க மாப்ளே" என்று என் பின்னால் நின்றார். காரமடையில் தன் சொந்த வீட்டில் அவர் நாயை வாசற்படி தாண்ட விட்டதில்லை. பீகிளைப் பார்த்து, "ஏனுங், கொஞ்சம் இப்புடிப் பாருங்க" என்றார். அது பார்த்தது.

போன புதன்கிழமை வரதராஜுலு வந்தார். மில்லில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. கையில் ஒரு டேஷ்ஹண்ட் நாய். பெயர் புஜ்ஜி. இருவரையும் சோபாவில் சேர்த்து எடுக்க வேண்டும் என்றார். அவர் நேராகப் பார்த்தார். நாய் ஜன்னலைப் பார்த்தது. அத்தை பிஸ்கட் கவரைக் கசக்கினார். நாய் அசையவில்லை.

"ஏனுங், இங்க பாருங்க. உங்களத்தானுங்க."

"பாத்துட்டுத்தானம்மா இருக்கறேன்" என்றார் வரதராஜுலு.

"உங்கள இல்லீங்க. பக்கத்துல இருக்கறாரே, அவர."

"அது பொட்டைங்கம்மா."

"அப்புடீங்களா. அம்மணி, வெய்யிலு அப்புறம் பாக்கலாம் சாமி, இங்க பாருங்க."

புஜ்ஜி திரும்பியது. ஒரு காது மட்டும் தூக்கியிருந்தது. ஆறு படங்கள் கிடைத்தன. ஆறிலும் வரதராஜுலு சிரித்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, "எங்க ஊட்டுல எனக்கே இத்தன மரியாத கெடைக்கிறதில்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தையும் சிரித்தார். அவர் சிரிப்பது இந்த அறையில் மட்டும்தான்.

அவர்கள் போகும்போது கேட்டுக்கு வெளியே பூபதி மச்சான் கார் கதவில் சாய்ந்து நின்றிருந்தார். மோகனப்பிரியாவின் அண்ணன். சத்தியமங்கலத்தில் வாழை வைத்திருக்கிறார். டிக்கியிலிருந்து ஒரு வாழைத்தாரை இறக்கி வராந்தாவில் வைத்தார். உள்ளே வரவில்லை. அத்தை எட்டிப்பார்த்து, "வா கண்ணு. சோறு வெக்கறேன்" என்றுவிட்டு அடுக்களைக்குப் போனார். மகன் எதற்கு வந்திருக்கிறான் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். மூன்று வாரத்தில் இது மூன்றாவது தடவை.

மச்சானின் மனைவி சண்முகப்பிரியாவுக்கு ஏழாம் மாதம். முதல் குழந்தை. படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தாய்வீட்டுக்கு அனுப்பலாம் என்றால் அவளுக்கு அம்மா இல்லை, சின்ன வயதிலேயே போய்விட்டார்.

"ஆளு வெச்சுப் பாத்தனுங்க மாப்ளே. ரெண்டு பேரு வந்தாங்க, நின்னுட்டாங்க. நான் தோட்டத்துக்குப் போனா அவ மோட்டுவளையப் பாத்துட்டுப் படுத்திருக்கறா. பயந்துக்கறா. அத்தைய வரச்சொல்லுங்கன்னு அழுகறா."

"நானும் சொன்னனுங்க மச்சான். போய்ட்டு வாங்கன்னு."

"தெரியுமுங்க. 'எம்பட புள்ள சாகறப்ப சொன்ன சொல்லு, அதத் தாண்டி வரமாண்டேன்'ங்கறாங்க. ஊருல என்னென்னமோ பேசறாங்க. பொண்ணே போயிட்டா, மருமகன் ஊட்டுல மாமியாளுக்கு என்ன வேலைன்னு. அதுக்கும் அசைய மாண்டீங்கறாங்க." அவர் வாழைத்தாரின் காம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவ சொன்னதுதான் குறுக்க நிக்குது. செத்தவகிட்டப் போயி மாத்திச் சொல்லுன்னு கேக்கவா முடியும்?"



அவள் இறந்த மூன்றாம் நாள் காரியத்தன்று, பந்தலுக்குக் கீழே, அத்தை என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். "கடைசியா என்ன சொன்னா மாப்ளே? எதாச்சும் சொன்னாளா?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவள் உண்மையில் சொன்னதை அங்கே சொல்ல முடியாது. எங்கேயும் சொல்ல முடியாது. "அம்மாவப் பாத்துக்கங்கன்னு சொன்னா" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. பந்தலே அழுதது. நான் அழவில்லை. பதினாறாம் நாள் முடிந்ததும் அத்தை காரமடை வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தார். மகள் அவரை என்னிடம் ஒப்படைத்துவிட்டாள், நான் வைத்துக்கொள்ள வேண்டும், அவர் இருக்க வேண்டும். அவ்வளவுதான். அதில் பேச ஒன்றுமில்லை என்பது போல அடுக்களைக்குப் போய்ப் பாத்திரங்களை இடம் மாற்றி அடுக்கினார்.

பேசாமல் இருந்தால் எதுவும் மாறாது. ஆறே முக்காலுக்குக் காபி வரும். நாய்கள் திரும்பிப் பார்க்கும். மச்சான் இன்னும் இரண்டு தடவை வருவார், பிறகு வரமாட்டார். சத்தியமங்கலத்தில் ஒரு பெண் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். பேசினால் அத்தை போய்விடுவார். போவது மட்டுமல்ல. சொன்னது பொய் என்றால் நிஜம் எது என்று கேட்பார். அதையும் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு இந்த வீட்டுப் பக்கம் அவர் வருவாரா என்று தெரியவில்லை. வந்தாலும் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிடுவாரா என்றும் தெரியவில்லை. மச்சானுக்கு யாரிடமிருந்தோ போன் வந்தது. பேசிக்கொண்டே கார் பக்கம் நகர்ந்தார். நான் உள்ளே போனேன்.

அத்தை அடுக்களைத் தரையில் முறத்தை வைத்துக்கொண்டு சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்றேன்.

"அத்தை. அவ அப்படிச் சொல்லலீங்க."

"எப்புடீங்க?"

"உங்களப் பாத்துக்கச் சொன்னான்னு சொன்னனே. அவ சொல்லலீங்க. நானாச் சொன்னது."

அவர் கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தார். இன்னொன்றை எடுத்தார். அதையும் உரித்தார்.

"ஏனுங் அப்படிச் சொன்னீங்க?"

"அத்தன பேரு பாத்துட்டு இருந்தாங்க."

"ம்."

"நீங்க சத்தியமங்கலம் போங்க அத்தை. உங்களக் கட்டிப்போட்ட சொல்லு எதுவும் இல்லீங்க."

"போறதா இருக்கறதான்னு நான் பாத்துக்கறனுங்க." குரல் உயரவில்லை. மரியாதையும் குறையவில்லை. "அவ என்ன சொன்னா?"

நான் தரையில் உட்கார்ந்தேன். அன்று சனிக்கிழமை என்றேன். காலையிலிருந்தே தலைவலி என்றாள், ஒரு மாத்திரை போட்டாள். பத்தரை மணி இருக்கும். படுக்கையறை வாசலில் நின்று என்னிடம் ஒன்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பதினொரு மணிக்கு ஒரு கோல்டன் ரெட்ரீவர் வந்தது. சமத்து நாய். கூப்பிடாமலே லென்ஸைப் பார்த்தது. அவள் தூங்கட்டும் என்று நினைத்தேன். ஆள் இல்லாமல் எடுக்க முடிகிறதே என்று கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. நூற்று நாற்பது படம் எடுத்தேன். வந்தவர்களுக்கு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் காட்டினேன். அவர்கள் கிளம்பும்போது மணி பன்னிரண்டரை. அதற்கப்புறம்தான் உள்ளே போனேன். அவளுக்குப் பேச்சு இல்லை. கண் பாதி திறந்திருந்தது. மூளையில் ரத்தக்கசிவு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். பன்னிரண்டரை என்றேன். உங்களிடமும் அதையேதான் சொன்னேன். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை.

வெளியே மச்சான் போனில் உர மூட்டைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அத்தை உரித்த வெங்காயங்களை ஒரு கிண்ணத்தில் போட்டார். முறத்தைத் தள்ளி வைத்தார். என் பின்னால் நின்று நாய்களைப் பார்ப்பது போல, அவசரமில்லாமல் என்னைப் பார்த்தார்.

"அதெல்லாம் இருக்கட்டுங்க. எம்பட புள்ள வாயில என்ன வந்துச்சு? அதச் சொல்லுங்க."

சொன்னேன். அவள் சொன்னது போலவே, ஒரு எழுத்துக்கூட மாற்றாமல்.

"பத்து நிமிசம் படுத்துக்கறனுங்க. நாய் வந்துச்சுன்னா எழுப்பி உடுங்க."