யார் ஊற்றுவது

அன்று மாலை தையல் கடைக்கு மேலிருந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: தையற்காரி, அவள் கணவரான வீட்டுத் தரகர், அவள் தம்பி வெல்டர், தரகரின் கூட்டாளிகளான லாரி டிரைவர், மருந்துக்கடைக்காரர். வேறு யாருமில்லை. மாடிப்படியில் நின்று பார்த்தேன் என்பவர்கள் படியில்கூட இல்லை.

தம்பி முந்தின நாள்தான் மறுவாழ்வு மையத்திலிருந்து வந்திருந்தான். அவனைக் குடிக்கப் பழக்கியவரே தரகர்தான். வேலைவிட்டு வருகிறவனை வாசலிலேயே மறித்து, கம்பெனிக்கு ஒரு கிளாஸ் என்று தொடங்கிவைத்தார். பிறகு அவன் போதையில் சாரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டபோது, “அவங்க வீட்டு ரத்தமே அப்படி” என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தார். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாமல் செத்துப்போன அவள் அப்பாவையும் சேர்த்து நாறடித்த சொல் அது. தையற்காரி அதை மறக்கவில்லை.

இப்போது அவர் சீல் உடைக்காத பாட்டிலை மேசைமேல் வைத்தார்.

“வாங்க மாப்ள. நீங்க குடிக்க வேணாம், ஊத்துங்க போதும். உங்க கையால ஊத்துனாத்தான் எனக்கு இறங்கும்.”

“தண்ணியப் பாத்து இப்படிப் பயப்படுறீங்களே தம்பி, நாய் ஏதும் கடிச்சிருச்சா?” என்றார் டிரைவர்.

தம்பியின் கை பாட்டில்வரை போய்விட்டது. அவள் அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். நாள் முழுக்க ஊசியில் நூல் கோப்பவள். யார் கை ஆடாமல் நிற்கும், யார் கை நிற்காது என்று அவளுக்குத் தெரியும். காலையில் சட்டைப் பொத்தான் போட்டுவிடச் சொல்லிக் கணவர் கூப்பிடுவது கொஞ்சலுக்கு அல்ல என்பதும் தெரியும். புருஷன் மானம் என்று இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

“அவன் ஊத்தமாட்டான். இன்னைக்கு நீங்களே ஊத்துங்க.”

“என்னடி புதுசா?”

“உங்க கூட்டாளிங்க காத்துக்கிட்டு இருக்காங்கல்ல.”

“அட, ஊத்துப்பா. இதுக்கென்ன பஞ்சாயத்து,” என்றார் மருந்துக்கடைக்காரர்.

தரகர் மூடியைத் திருகினார். பாட்டிலின் கழுத்து கிளாஸ் விளிம்பில் கடகடவென்று அடித்தது. இரண்டு கையாலும் பிடித்தார். மேசைதான் நனைந்தது. சிரிக்கத் தொடங்கிய டிரைவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் தன் கிளாஸை மெல்லக் கவிழ்த்து வைத்தார்.

“மெதுவா ஊத்துங்க. அவசரமில்ல,” என்றாள். சொல்லும்போது அவளுக்கு நாக்கில் இனித்தது.

“போதும்க்கா.”

“என்ன போதும்? எந்த வீட்டு ரத்தம்னு நல்லாப் பாரு.”

தம்பி தன் கையை விரித்து மேசைமேல் வைத்துப் பார்த்தான். அது ஆடவில்லை. எழுந்து கீழே கடைக்குப் போய்விட்டான். அந்த மேசையில் அவன் பிறகு உட்காரவே இல்லை.

தையற்காரி சரக்கில் எதையோ கலந்து கொடுத்தாள், அதனால்தான் தரகருக்குக் கை உதறியது என்று தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். பாட்டில் கடைச் சீலோடு வந்தது. திறந்தவர் தரகர். கை உதறியது குடிப்பதற்கு முன்பு.