பெட்டிக்குள் போன ஜேக்கப் மாமா

எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தீரவும் வேண்டாம்.

ஏரியூரில் நாங்கள் ஆறு பெண்கள் சேர்ந்து கேழ்வரகு முறுக்கு போடுகிறோம். போன மாதம் தர்மபுரி கல்யாண மண்டபம் ஒன்றில் மகளிர் குழுக்களுக்கு ஒருநாள் கண்காட்சி வைத்தார்கள். ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றின் கேன்டீனுக்குத் தினமும் பலகாரம் வேண்டுமாம். வாங்க ஆள் வருவார்கள், ஒரே ஒரு குழுவைத்தான் எடுப்பார்கள். அது கிடைத்தால் எங்களுக்கு வருஷம் முழுக்க வேலை. இல்லையென்றால் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் அடுப்பு மூட்டுகிற கூட்டமாகவே இருப்போம்.

நாற்பது கடை. வருகிறவர்கள் எல்லா மேசையிலும் நின்று பேச மாட்டார்கள். நடுவழியில் நடந்தபடி பேனரைப் பார்த்துப் பெயரையும் நம்பரையும் குறித்துக்கொள்வார்கள், பிடித்தவர்களை மதியம் போனில் கூப்பிடுவார்கள் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, பேனரைச் சுருட்டி வைத்து இழுக்கிற ஸ்டாண்டுதான் வைக்க வேண்டும்.

பேனர் கடைக்கு நானே பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்றில் கீழே சின்னதாக இரண்டு கால் விரியும். தும்மினால் விழுந்துவிடும். இன்னொன்று அகலமான அடிப்பெட்டி, நல்ல கனம். மண்டபத்து ஃபேன் காற்றுக்கு அதுதான் நிற்கும் என்று அதைச் சொன்னேன். ஷீட் முழுக்க அந்தப் பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும். மேலே இழுத்துக் கம்பியில் மாட்டினால் ஆறடி. “எறக்கறப்ப புடிச்சுக்கிட்டே எறக்கணும்க்கா. கைய வுட்டீங்கன்னா உள்ள ஸ்பிரிங் போயிரும்” என்று இரண்டு தடவை சொன்னார். நோட்டுத்தாளில் வரைந்தும் கொடுத்தேன். மேலே பெரிதாக ‘ஏரியூர் கேழ்வரகு முறுக்கு’, நடுவில் முறுக்குப் படம், நெஞ்சு உயரத்தில் போன் நம்பர். முழங்காலுக்குக் கீழே ஒரு எழுத்தும் வேண்டாம், மேசை மறைத்துவிடும்.

நான் செய்த ஒரே தப்பு, வாங்கிவர ஜேக்கப் மாமாவை விட்டது. என் வீட்டுக்காரரின் அண்ணன். எங்கள் பக்கம் காதுகுத்து, சர்ச்சில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை, புதுவீடு எதுவானாலும் பிளக்ஸ் உண்டு, எந்தப் பிளக்ஸிலும் மாமா தலை உண்டு. ஒரு காதுகுத்தில் தன் படத்தைச் சின்னதாகப் போட்டார்கள் என்று பந்தியில் உட்காராமல் திரும்பிய மனுஷன். அவரிடம் போய்க் கொடுத்தேனே, என் புத்தியைச் சொல்ல வேண்டும். பையோடு கொண்டுவந்து தந்தார். ஸ்பிரிங் பயத்தில் நானும் இழுத்துப் பார்க்கவில்லை.

கண்காட்சியன்று காலை மண்டபத்தில் இழுத்தேன். முதலில் ‘வருக! வருக!’ வந்தது. அடுத்து கறுப்புக் கண்ணாடி. அடுத்து கும்பிட்ட கை. அதற்கும் கீழே வட்டம் வட்டமாக மாமாவின் இரண்டு மகன்கள், சம்பந்தி லியோன், இன்னும் நாலு பேர். முழங்காலுக்கும் கீழே தட்டு அளவில் முறுக்கு. போன் நம்பரின் மேல்பாதி மட்டும் பெட்டி வாயில் தெரிந்தது, மீதி உள்ளே.

“நம்ம முறுக்கு எங்க மேரி?” என்றார் குள்ளம்மா அக்கா. எங்களுக்கு மாவு பிசைகிறவர். பென்னாகரம் சந்தையில் இருபது வருஷம் தக்காளி விற்றவர், ஆனால் ஊர்ப் பெரிய மனுஷர்கள் முன்னால் வாயே திறக்க மாட்டார்.

ஆறு பெண்கள் விடிவதற்கு முன் எழுந்து புகையில் வெந்து செய்கிற பண்டம், அதற்கு இவர் கும்பிடு போடுகிறார்!

பத்து மணிக்கு மைக்கில் சொன்னார்கள், ஓசூரிலிருந்து ஐஸ்வர்யா மேடம் வந்திருக்கிறார் என்று. கையில் அட்டையோடு நடுவழியில் வந்தார். எங்கள் பேனரைப் பார்த்தார். பக்கத்தில் வந்தவரிடம், “இது என்ன, எலெக்ஷனுக்கா?” என்று சிரித்தார். ஒரு எழுத்துகூட எழுதவில்லை. அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

அந்தச் சிரிப்பு என்னைச் செருப்பால் அடித்தது போலிருந்தது. டீக்குப் பிறகு திரும்ப ஒரு சுற்று வருவார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஸ்டாண்டை அப்படியே திருப்பி மாமாவைச் சுவரைப் பார்க்க வைத்தேன். பின்பக்கம் வெறும் வெள்ளை. முறுக்குப் பாக்கெட்டில் தேதி போடுகிற மார்க்கரை எடுத்துக் கோணல்மாணலாக எழுதினேன்: ஏரியூர் கேழ்வரகு முறுக்கு. கீழே நம்பர், ஒவ்வொன்றும் ஒரு சாண்.

“பெரியவரு மூஞ்சியச் செவுத்துப் பக்கம் திருப்பிட்டயே. ஊருல இருக்க வுடுவாங்களா?” என்று என் முந்தானையைப் பிடித்து இழுத்தார் குள்ளம்மா அக்கா.

சொல்லி வாய் மூடவில்லை, மாமா வந்துவிட்டார். பேனரோடு போட்டோ எடுக்க இரண்டு ஆளோடு.

“எவ இதத் திருப்புனது?”

“நாந்தாங்க மாமா. முறுக்கு விக்க வந்தோமுங்க, ஓட்டுக் கேக்க வரல.”

“எம் மூஞ்சியப் பாத்துத்தான் நாலு பேரு வாங்குவான். உங்க மூஞ்சிய எவனுக்குத் தெரியும்?”

“மாவு பெசையறது உங்க மூஞ்சியா?”

அவர் ஸ்டாண்டைப் பிடித்துத் திருப்பினார். மறுபடியும் கறுப்புக் கண்ணாடி, கும்பிட்ட கை. நான்கு கடை தள்ளி ஐஸ்வர்யா வந்துகொண்டிருந்தார்.

மேலே இருந்த கொக்கியைக் கழற்றினேன். பிடித்துக்கொண்டே இறக்க வேண்டும் என்பது நன்றாக நினைவிருந்தது. கையை விட்டேன்.

சர்ரென்று மாமாவும் சம்பந்தியும் வட்டங்களும் உள்ளே போனார்கள். பெட்டிக்குள் ஏதோ டங்கென்று அறுந்தது. பதறிப் போய் இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. நான் எழுதியதும் அதோடு உள்ளே. ஐஸ்வர்யா இரண்டு கடை தள்ளி. எங்களிடம் பேனரே இல்லை. கோபத்தில் ஆறு பேர் பிழைப்பையும் நானே அறுத்துவிட்டேன்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

“ஏரியூரு கேவுரு முறுக்கேய்ய்!”

குள்ளம்மா அக்கா பிளாஸ்டிக் நாற்காலி மேல் நின்றிருந்தார். மண்டபமே திரும்பியது. “எண்ணெ குடிக்காத முறுக்கு! வாயில போட்டா மொறுமொறுன்னு கரையற முறுக்கு! எழுதிக்கம்மா நம்பர!” ஒவ்வொரு எண்ணையும் தக்காளி விலை கூவுகிற மாதிரி நீட்டிக் கூவினார். மூன்று தடவை.

மாமா, “எறங்கு கீழ” என்றார்.

“நீங்க அந்தாண்ட போங்க, மறைக்குது” என்றார் குள்ளம்மா அக்கா, இறங்காமல்.

ஐஸ்வர்யா நின்று எழுதிக்கொண்டார்.

மூன்று மணிக்கு போன் அடித்தது. “சத்தம் போட்டாங்களே, அவங்க கடையா?” என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். போனை அக்காவிடம் கொடுத்தேன்.

திங்கட்கிழமையிலிருந்து ஓசூருக்கு முறுக்கு போகிறது. ஸ்டாண்டைச் சரிசெய்து கொடு என்று மாமா இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். அது என் கட்டிலடியில்தான் கிடக்கிறது. மாமா உள்ளேயே இருக்கட்டும்.